காணிக்கையின் கதை - 4: பலிபீடத்துக்கு வந்த அப்பக்கூடை

எருசலேம் ஆலயத்தில் நாள்தோறும் நடந்த பலி, கி.பி. 70-ஆம் ஆண்டுக் கோடையில் நின்றது. காலைக்கு ஓர் ஆட்டுக்குட்டி, மாலைக்கு ஓர் ஆட்டுக்குட்டி என்று எரிந்துவந்த பீடம், ரோமப் படை முற்றுகையின்போது செலுத்த ஆளில்லாமல் அணைந்தது. சில வாரங்களில் ரோமத் தளபதி தீத்துவின் வீரர்கள் ஆலயத்தையே கொளுத்தினார்கள். வேறு ஊரில் பீடம் கட்டிப் பலியிட யூதச் சட்டத்தில் இடமில்லை. லேவியர் நூலின் முதல் ஏழு அதிகாரங்கள் விரித்துரைக்கும் எரிபலி, உணவுப் படையல், நல்லுறவுப் பலி, பாவம் போக்கும் பலி, குற்றப்பழி நீக்கும் பலி எல்லாம் அன்றோடு படிப்பதற்கு மட்டுமே உரியவை ஆயின.

அந்தச் சட்டம் நுணுக்கமானது. உணவுப் படையலுக்கு மெல்லிய மாவு, எண்ணெய், சாம்பிராணி வேண்டும், உப்பு கட்டாயம், புளித்த மாவும் தேனும் நெருப்பில் படக்கூடாது. கொடுப்பவரின் மடியில் இருப்பதையும் சட்டம் கணக்கில் எடுத்தது. ஆடு வாங்க முடியாதவர் இரண்டு புறா கொண்டுவரலாம். புறாவுக்கும் வழியில்லாதவருக்கு எப்பாவில் பத்தில் ஒரு பங்கு மாவு, அதாவது ஏறத்தாழ இரண்டு லிட்டர் அளவு, போதும். குழந்தை இயேசுவை ஆலயத்துக்கு எடுத்துவந்த பெற்றோர் புறாக் காணிக்கை செலுத்தியதாக லூக்கா எழுதுகிறார். குடும்பத்தின் வறுமையை வேறு வார்த்தையில் சொல்ல அவருக்குத் தேவைப்படவில்லை.

பலியின் மேல் ஐயம் பலி நின்ற பிறகு வந்ததன்று. கி.மு. 8-ஆம் நூற்றாண்டிலேயே ஆமோசும் ஓசேயாவும் எசாயாவும் நீதி இல்லாதவனின் கொழுத்த கிடாய் கடவுளுக்கு வெறுப்பு என்று பேசிவிட்டார்கள். இயேசு நின்றது அந்த வரிசையில்தான். பீடத்தருகே காணிக்கையோடு நிற்கும்போது சகோதரனோடு உள்ள மனத்தாங்கல் நினைவுக்கு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போய்ச் சமாதானமாகி வா என்றார். காணிக்கைப் பெட்டிக்கு எதிரே உட்கார்ந்து, ஓர் ஏழைக் கைம்பெண் இரண்டு செப்புக்காசு போடுவதைப் பார்த்து, எல்லாரையும்விட அதிகம் போட்டவள் அவள்தான் என்றார். ஆலயத்தில் எக்காள வடிவில் 13 பெட்டிகள் இருந்ததாக யூதரின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னா சொல்கிறது. உலோகக் குழாயில் விழும் காசின் ஓசையில் யார் எவ்வளவு போட்டார்கள் என்பது சுற்றி நிற்பவர்களுக்குத் தெரிந்திருக்கும் என்று ஊகிக்கலாம்.

இயேசுவுக்குப் பின் வந்த முதல் தலைமுறை ஆலயத்தை உடனே கைவிடவில்லை. அவருடைய சீடர்கள் செபவேளையில் அங்கே போய்வந்தார்கள். ஆனால் பலி என்ற சொல்லின் பொருள் அவர்களிடையே இடம் மாறத் தொடங்கியிருந்தது. இயேசுவின் சாவே ஒரே தடவையில் நிறைவுற்ற பலி, இனி இரத்தப் பலி தேவையில்லை என்பது எபிரேயர் திருமுகத்தின் வாதம். அப்படியானால் நம்பிக்கை கொண்டவர் கொடுக்க என்னதான் மிச்சம்? அதே திருமுகத்தின் கடைசி அதிகாரம் இரண்டைச் சொல்கிறது: புகழ்ச்சி, பகிர்வு. பவுல் இன்னும் துணிந்தார். உங்கள் உடலையே உயிருள்ள பலியாகக் கொடுங்கள் என்று ரோமைக்கு எழுதினார். பிலிப்பி நகரத்தார் எப்பப்பிராதித்து என்பவர் கையில் அவருக்குச் செலவுக்குக் கொடுத்தனுப்பினார்கள். சிறையில் இருந்தவருக்கு வந்த அந்த உதவியை நறுமணம் கமழும் பலி என்று பவுல் குறிப்பிட்டார். ஆலயப் புகைக்குரிய சொல், கைச்செலவுப் பணத்தின் மேல் வந்து உட்கார்ந்தது. கிறிஸ்தவக் காணிக்கையின் பிற்கால வரலாறு பெரும்பாலும் இந்தச் சொல்மாற்றத்தின் விளைவுதான்.

வெளியில் இருந்து பார்த்தவர்களுக்கு இது விளங்கவில்லை. கோவில் இல்லை, பீடம் இல்லை, ஆடு மாடு வெட்டுவதில்லை. இது என்ன மதம்? கடவுள் மறுப்பாளர்கள் என்ற பழி கிறிஸ்தவர்கள் மேல் விழுந்தது. கி.பி. 112 வாக்கில் பித்தினியாவின் ஆளுநர் பிளினி, பேரரசர் திராயானுக்கு எழுதிய கடிதத்தில் சந்தை நிலவரமும் இருக்கிறது. பலி விலங்கின் இறைச்சியை வாங்க ஆளில்லாமல் இருந்தது, தாம் நடவடிக்கை எடுத்தபின் விற்பனை மறுபடி சூடுபிடித்திருக்கிறது என்று அவர் தெரிவித்தார். விசாரணைக்கு வந்தவர்கள் பேரரசரின் சிலைக்கு முன் சாம்பிராணியும் திராட்சை மதுவும் படைத்தால் விடுதலை.

249-இல் அரியணை ஏறிய தேசியு அதைப் பேரரசு முழுவதற்கும் விரித்தார். குடிமக்கள் எல்லாரும் தெய்வங்களுக்குப் பலியிட வேண்டும், பலியிட்டதற்குச் சான்றிதழ் வாங்க வேண்டும் என்று ஆணையிட்டார். எகிப்தின் வறண்ட மணலில் அந்தச் சான்றிதழ்கள் நாற்பதுக்கு மேல் கிடைத்திருக்கின்றன. பாப்பிரசுத் தாளில் மனுபோல எழுதிய வாசகம் ஏறக்குறைய ஒன்றேதான். மனுதாரரின் பெயர், ஊர். எப்போதும் தெய்வங்களுக்குப் பலியிட்டு வந்தவர் என்ற உறுதி. இப்போதும் அதிகாரிகள் கண்முன் மதுவை ஊற்றி, பலியிட்டு, படைத்ததை உண்டதாக வாக்குமூலம். அடியில் சாட்சிக் கையொப்பம், 250-ஆம் ஆண்டின் தேதி. பலியிடாமலே காசு கொடுத்துச் சான்றிதழ் வாங்கிக்கொண்ட கிறிஸ்தவர்களும் உண்டு. துன்புறுத்தல் ஓய்ந்த பிறகு அவர்களை என்ன செய்வது என்ற கேள்வி கார்த்தேஜ் ஆயர் சிப்ரியனைப் பல ஆண்டுகள் அலைக்கழித்தது. பலியிட்டவர், சாம்பிராணி மட்டும் போட்டவர், சான்றிதழ் மட்டும் வாங்கியவர் என்று வீழ்ந்தவர்களை வகைபிரிக்கும் சொற்களே அப்போது புழக்கத்துக்கு வந்தன. பலி என்பது உயிரை வாங்கக்கூடிய சொல்லாக இருந்த காலம் அது. மறுத்து மாண்டவர்களையும் கிறிஸ்தவர்கள் அதே சொல்லால் அழைத்தார்கள். சுமிர்னா நகரின் முதிய ஆயர் பொலிக்கார்ப்பைக் கட்டி எரித்தபோது, மந்தையிலிருந்து தேர்ந்தெடுத்த ஆட்டுக்கிடாய்போல அவர் நின்றதாக அவரது சபை எழுதிவைத்தது.

சிலைக்கு முன் சாம்பிராணி போட மறுத்தவர்கள் தங்கள் கூட்டத்துக்கு வெறுங்கையோடு வரவில்லை. சிரியாப் பகுதியில் எழுந்ததாகக் கருதப்படும் 'திதாக்கே' என்ற சிறு கையேடு, ஞாயிறு தோறும் கூடி அப்பம் பிட்கும் முன் பாவங்களை அறிக்கையிடுங்கள், பிணக்கு உள்ளவர்கள் சமாதானமாகும்வரை சேரவேண்டாம், இல்லையென்றால் உங்கள் பலி மாசுபடும் என்கிறது. திராட்சை ஆலை, களம், ஆட்டு மாட்டுத் தொழுவம் ஆகியவற்றின் முதற்பலனை ஊருக்கு வரும் இறைவாக்கினருக்குக் கொடுக்கச் சொல்லும் அந்நூல், அவர் இல்லையென்றால் ஏழைகளுக்குக் கொடுங்கள் என்று முடிக்கிறது. 155 வாக்கில் ரோமையிலிருந்து ஜஸ்டின் பேரரசருக்கு எழுதிய விளக்கத்தில் கூட்டத்தின் நடைமுறை வருகிறது. வசதியுள்ளவர் விரும்பியதைக் கொடுப்பார். அது தலைவரிடம் சேரும். அவர் அனாதைகள், கைம்பெண்கள், நோயாளிகள், சிறைப்பட்டோர், வழிப்போக்கர் ஆகியோரைப் பார்த்துக்கொள்வார். உண்ணப் படைக்கப்பட்ட பொருளை நெருப்பில் போட்டுக் கரியாக்குவது கடவுளுக்குப் பெருமை ஆகாது, நன்றியோடு உண்பதும் இல்லாதவருக்குக் கொடுப்பதும்தான் பெருமை என்பது அவர் கருத்து. கார்த்தேஜில் தெர்த்துல்லியன் 197 வாக்கில் ஒரு பொதுப் பெட்டியைப் பற்றி எழுதினார். மாதம் ஒருமுறை, முடிந்தவர் முடிந்ததைப் போடுவார்கள், கட்டாயம் இல்லை. ஏழைகளை அடக்கம் செய்ய, வேலை ஓய்ந்த முதிய அடிமைகளைப் பேண, கப்பல் உடைந்து கரையேறியவர்களுக்கும் சுரங்கங்களில் தண்டனை அனுபவிப்பவர்களுக்கும் உதவ அந்தப் பணம் போனது.

கூட்டத்தில் இயேசுவின் நினைவாகப் படைத்து உண்ணும் நற்கருணை அப்பமும் திராட்சை இரசமும் ஏன் பலி என்ற கேள்விக்கு ஆழமான பதில் லியோன் நகரிலிருந்து வந்தது. 180 வாக்கில் அங்கே ஆயராக இருந்த இரேனியுஸ், பருப்பொருள் உலகம் ஏதோ ஒரு தாழ்ந்த தெய்வத்தின் கைவேலை என்று போதித்த ஞானவாதிகளோடு மல்லுக்கு நின்றார். உலகம் வேறொருவன் சொத்து என்றால், அதன் கோதுமையை எடுத்து உன்னதக் கடவுளுக்குப் படைப்பது அடுத்தவன் தோட்டத்துப் பூவைப் பறித்து அர்ச்சனை செய்வது போன்றதல்லவா என்பது அவர் வாதத்தின் சாரம். அப்பத்தைப் படைக்கும்போது மனிதர் படைப்பின் முதற்பலனைப் படைத்தவரிடமே திருப்புகிறார்கள். கடவுளுக்கு அது தேவை என்பதால் அன்று. நன்றி கெட்டவர்களாகவும் கனியற்றவர்களாகவும் தாங்கள் போய்விடாதிருக்கவே கொடுக்கிறார்கள். கட்டளைக்கு அஞ்சியவர் பத்தில் ஒன்றை எடுத்துவைத்தார், விடுதலை பெற்றவர் உள்ளதையெல்லாம் தருகிறார் என்றும் அவர் சேர்த்தார். தசமபாகத்துக்கு எதிராக இதைவிடக் கூர்மையான வாதத்தைப் பிற்காலத்தில் பார்ப்பது அரிது.

எதைப் படைக்கலாம், எதைக் கூடாது என்ற பட்டியல்களும் பிறந்தன. ஹிப்பொலித்துவின் பெயரில் வழங்கும் 'திருத்தூதர் மரபு' என்ற நூல் திராட்சை, அத்தி, மாதுளை, ஒலிவம், பேரிக்காய், ஆப்பிள், பாதாம் முதலிய கனிகளுக்கு ஆசி வழங்கலாம் என்கிறது. பூசணி, முலாம்பழம், வெள்ளரி, வெங்காயம், பூண்டு கூடாது. பூக்களில் ரோஜாவும் லில்லியும் மட்டும். வெங்காயம் செய்த குற்றம் என்ன என்பதற்கு நூலில் விளக்கம் இல்லை. 4-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சிரியாவில் தொகுத்த 'திருத்தூதர் விதிகள்' இன்னும் கண்டிப்பு. பீடத்தின் மேல் புதுக்கதிரும் திராட்சையும், விளக்குக்கு எண்ணெயும், சாம்பிராணியும் வரலாம். தேன், பால், பறவை, பருப்பு போன்றவை கூடாது, மற்றக் கனிகளை நேரே ஆயர் வீட்டுக்கு அனுப்ப வேண்டும். இப்படி விதி எழுத வேண்டியிருந்தது என்பதிலிருந்தே மக்கள் கோழியைக்கூடப் பீடத்துக்குத் தூக்கிவந்தார்கள் என்பது புலனாகிறது.

கொண்டுவருபவர் யார் என்பதைப் பொருளைவிட நெருக்கமாகப் பார்த்தார்கள். 3-ஆம் நூற்றாண்டுச் சிரியாவின் 'திதஸ்காலியா' என்ற நூலில் கைம்பெண்களும் அனாதைகளும்தான் கடவுளின் பலிபீடம். காணிக்கை அவர்கள் வயிற்றுக்குப் போகிறது. பீடம் தூய்மையாக இருக்க வேண்டும் என்றால் அதன்மேல் வைப்பதும் தூய்மையாக இருக்க வேண்டும். ஆகவே வட்டிக்காரன், கள்ள எடை போடுபவன், அடிமைகளைக் கொடுமைப்படுத்துபவன் முதலானவர்களிடம் ஆயர் காணிக்கை வாங்கக் கூடாது. மறுக்க முடியாமல் கைக்கு வந்துவிட்டால்? அந்தப் பணத்தில் சோறு வாங்கவேண்டாம், விறகு வாங்குங்கள் என்கிறது நூல். எரிந்து போகட்டும் என்று நினைத்தார்கள் போலும்.

சிப்ரியனின் கோபம் எதிர்த்திசையில் பாய்ந்தது: கொடுக்க முடிந்தும் கொடுக்காதவர்கள் மேல். கண்ணுக்கு மை தீட்டிய செல்வச் சீமாட்டி ஒருத்தி வெறுங்கையோடு கூட்டத்துக்கு வருகிறாள். ஏழை ஒருவர் கொண்டுவந்த அப்பத்திலிருந்து தன் பங்கை எடுத்துக்கொள்கிறாள். தானதருமம் பற்றிய நூலில் அவளைக் கடிந்துகொள்ளும் அந்தப் பத்தி, 3-ஆம் நூற்றாண்டு வட ஆப்பிரிக்காவில் நற்கருணை அப்பம் உண்மையாகவே வீடுகளிலிருந்துதான் வந்தது என்பதற்கு நல்ல சான்று.

313-இல் துன்புறுத்தல் நீங்கியதும் காணிக்கை வீட்டுக்கூடத்தைவிட்டுப் பெரிய மண்டபத்துக்கு வந்தது. இத்தாலியின் வடகிழக்கில் அக்குயிலேயா நகரில் ஆயர் தியோடோர் கட்டிய ஆலயத்தின் தரை இன்றும் காணக் கிடைக்கிறது. இடைக்காலத்தில் மேலே போட்ட தளத்தை 1909 முதல் அகற்றியபோது வெளிப்பட்ட அந்தப் பல்வண்ணக் கல்பதிப்பில், வெற்றித் தேவதையைச் சுற்றி ஆணும் பெண்ணுமாகக் காணிக்கை ஏந்தியவர்கள் இருக்கிறார்கள். ஒருவர் கையில் அப்பம், ஒருவர் கையில் திராட்சைக் குலை, வேறொருவரிடம் பூக்கள். தம் மந்தையின் உதவியால் தியோடோர் எல்லாவற்றையும் நிறைவேற்றியதாகத் தரையிலேயே பொறித்திருக்கிறது. அருகிலுள்ள கிராதோ தீவின் ஆலயத்தில், 6-ஆம் நூற்றாண்டில், இன்னார் குடும்பத்தோடு இத்தனை அடி தரை போட்டுக்கொடுத்தார் என்று அடிக்கணக்கோடு பெயர்கள் பதிந்திருக்கின்றன. டியூப் லைட்டில் 'உபயம்' எழுதும் ஊர்க்காரர்களுக்கு இது அந்நியமாகத் தோன்றாது.

அரசரே கிறிஸ்தவராகிவிட்ட பிறகு, காணிக்கையை வாங்க மறுப்பது ஆயர்களின் கையில் ஓர் ஆயுதமானது. 372-ஆம் ஆண்டுத் திருக்காட்சி விழாவன்று பேரரசர் வாலென்ஸ் கப்பதோக்கியாவின் செசரியா ஆலயத்துக்குள் வந்தார். கிறிஸ்துவைத் தந்தையாகிய கடவுளுக்குச் சமமாக ஏற்காத ஆரியுசின் கொள்கையைச் சார்ந்தவர் அவர். அங்கே ஆயராக இருந்த பசிலியார் அதை எதிர்ப்பவர். சங்கீதப் பாடல் இடிபோல முழங்கிக்கொண்டிருந்தது. பசிலியார் பீடத்தின் முன் தூண்போல அசையாமல் நின்றார். வாலென்ஸ் காணிக்கையைக் கொண்டு முன்னே போனபோது அதை வாங்க ஒருவரும் கை நீட்டவில்லை. ஆயர் ஏற்பாரா மாட்டாரா என்பது யாருக்கும் தெரியாது. பேரரசருக்குக் கால் தடுமாறியது. பீடப் பணியாளர் ஒருவர் தாங்கிப் பிடித்திராவிட்டால் விழுந்திருப்பார். பசிலியாரின் நண்பர் கிரகோரி பின்னாளில் அவருக்கு ஆற்றிய புகழுரையில் இதை விவரித்தார். நண்பரின் புகழ் பாடுவதற்கான சித்திரம் என்று கொஞ்சம் கழித்துக்கொண்டாலும், காணிக்கை மறுப்பு என்பது சபையிலிருந்து விலக்குவதற்குச் சமம் என்ற அக்காலப் புரிதல் அதில் தெளிவாகத் தெரிகிறது.

அதே நூற்றாண்டில் மிலான் நகரில் ஒரு தாய்க்கு நேர்ந்தது இன்னும் எளியது. அகஸ்டினின் தாய் மோனிக்கா, வட ஆப்பிரிக்காவில் செய்து பழகியபடி, கூடையில் கூழும் ரொட்டியும் திராட்சை மதுவும் எடுத்துக்கொண்டு மறைசாட்சிகளின் நினைவிடத்துக்குப் போனார். வாயில்காப்பாளர் தடுத்தார், ஆயர் அம்புரோஸ் அதற்குத் தடை போட்டிருந்தார். குடிகாரர்களுக்கு அது சாக்காகிறது, பழைய மதத்தார் இறந்தோருக்குச் செய்யும் படையலைப்போலவும் இருக்கிறது என்பவை காரணங்கள். மோனிக்கா முகம் சுளிக்கவில்லை. அதன்பின் இயன்றதை ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டு, நினைவிடத்துக்குச் செபத்தை மட்டும் கொண்டுபோனார். தாய் இவ்வளவு எளிதாக விட்டுக்கொடுத்ததே மகனுக்கு வியப்பு.

அந்த மகன்தான் கிறிஸ்தவப் பலிக்கு லத்தீன் உலகம் கேட்ட மிக விரிவான விளக்கத்தை எழுதினார். 'கடவுளின் நகரம்' நூலின் பத்தாம் பகுதியில், கண்ணுக்குத் தெரியும் பலி கண்ணுக்குத் தெரியாத பலியின் அடையாளம் என்றார். கடவுளோடு ஒன்றிக்கச் செய்யும் எந்தச் செயலும் பலிதான், இரக்கம் பலி, மீட்கப்பட்ட சமூகம் முழுவதுமே பலி. தான் படைக்கும் பொருளில் சபை தன்னையே படைக்கிறது. புதிதாகத் திருமுழுக்குப் பெற்றவர்களிடம் அதையே சமையலறை மொழியில் பேசினார். பல மணிகள் அரைபட்டு, நீரில் பிசைந்து, தீயில் வெந்து ஓர் அப்பம் ஆகின்றன. பீடத்தின் மேல் இருப்பது நீங்கள்தான். அதற்குச் சற்று முன் அந்தியோக்கியாவில் யோவான் கிறிசோஸ்தோம், ஏழையின் உடல் என்ற பீடம் ஒவ்வொரு சந்திலும் சந்தையிலும் கிடக்கிறது, அங்கே எந்நேரமும் பலி செலுத்தலாம் என்று முழங்கினார். பொற்கிண்ணம் செய்து கொடுத்துவிட்டு வாசலில் பசித்தவரை விரட்டும் பக்தர்களோடு அவருக்குத் தீராத வழக்கு இருந்தது.

இந்த அப்பக் காணிக்கை ஒழுங்கான சடங்காக மலர்ந்ததைக் காட்டுவது 700 வாக்கில் எழுந்த ரோமைப் பூசைக் கையேடு. திருத்தந்தை இருக்கையை விட்டு இறங்கி, பிரபுக்கள் நிற்கும் பக்கம் போய்த் தாமே அப்பங்களை வாங்குவார். தலைமைத் திருத்தொண்டர் பின்னால் வந்து, சிறு குப்பிகளில் உள்ள இரசத்தைப் பெரிய கிண்ணத்தில் ஊற்றிக்கொள்வார். கிண்ணம் நிறைய நிறைய அதை ஒரு பெரிய பாத்திரத்தில் கவிழ்ப்பார்கள். அப்பங்கள், இரண்டு உதவியாளர்கள் விரித்துப் பிடித்த துணியில் குவியும். பிறகு பெண்கள் பக்கம். பாடகர் குழுவினர் இரசத்தோடு கலக்கும் தண்ணீரைக் கொடுப்பார்கள். கடைசியில் திருத்தந்தையும் தம் பங்கு அப்பத்தை வைப்பார். வெறுமனே வாங்கும் ஆள் என்று அந்தச் சடங்கில் ஒருவரும் இல்லை.

திருத்தந்தை முதலாம் கிரகோரியைப் பற்றி இங்கிலாந்தின் விட்பி மடத்தில் 8-ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் எழுதிய வரலாற்றில் ஒரு கதை உண்டு. நற்கருணை வாங்க வந்த பெண்மணி சிரித்துவிட்டார். ஏன் என்று கேட்டால், ஆண்டவரின் உடல் என்று நீங்கள் சொல்வது என் கையால் நான் சுட்ட ரொட்டி ஆயிற்றே என்றாராம். கதை பிறகு அற்புதத்துக்குத் திரும்பி அவரை வாயடைக்க வைக்கிறது. ஆனால் சொன்னவர்கள் அறியாமலே அது காப்பாற்றித் தந்த செய்தி அந்தச் சிரிப்பில்தான் இருக்கிறது: அடுப்படியிலிருந்து பீடம்வரை தன் ரொட்டி போன வழியை அந்தப் பெண் அறிந்திருந்தார்.

வழி அதற்குள் குறுகத் தொடங்கியிருந்தது. 585-இல் பிரான்சின் மாக்கோன் நகரில் கூடிய ஆயர் சங்கம், ஆணும் பெண்ணும் ஞாயிறு தோறும் அப்பமும் இரசமும் கொண்டுவர வேண்டும் என்று ஆணையிட்டது. ஆணை போடும் நிலை வந்தது என்றால் பழக்கம் தளர்ந்துவிட்டது என்றே பொருள். அதே சங்கம் தசமபாகம் கொடுக்காதவர்களுக்குச் சபைநீக்கம் என்றது. 779-இல் பிராங்கு அரசர் சார்லமேன் தசமபாகத்தை அரசுச் சட்டமாக்கினார். இரேனியுஸ் அடிமையின் அளவுகோல் என்று தள்ளிய பத்தில் ஒரு பங்கு வரியாகத் திரும்பி வந்தது. 9-ஆம் நூற்றாண்டு தொடங்கி மேற்கில் புளிப்பில்லா அப்பம் பரவியது. வீட்டு ரொட்டி இனிப் பயன்படாது. வெண்மையான மெல்லிய அப்பத்தை மடங்களிலேயே தயாரித்தார்கள். மக்கள் நற்கருணை வாங்குவதும் அருகியது. 1215-இல் நான்காம் லாத்தரன் சங்கம் ஆண்டுக்கு ஒருமுறையாவது வாங்குங்கள் என்று விதிக்க வேண்டியிருந்தது.

மாவுக்குப் பதில் காசு வந்ததை 12-ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் ஹொனோரியுஸ் என்ற எழுத்தாளர் பதிவுசெய்தார். பெரிய அப்பத்துக்குத் தேவை இல்லாமற்போனதால் அப்பத்தைத் தெனாரியு நாணயத்தின் வடிவில் செய்யத் தொடங்கினார்கள், மக்களும் மாவுக்கு ஈடாகத் தெனாரியு கொடுக்கலானார்கள் என்பது அவர் தரும் விளக்கம். வட்டமாக, தட்டையாக, நடுவே உருவம் அச்சிட்ட அப்பத்தைப் பார்த்தால் அவர் சொல்வதில் நியாயம் இருப்பதாகவே படுகிறது. தட்டில் காசும் பீடத்தில் காசு வடிவ அப்பமும் ஆனபின் இரண்டுக்கும் இடையே இருந்த உறவைக் கண்ணால் காண வழியில்லை. ஒருவர் தமக்கென்று ஒரு தனிப்பூசைக்குக் குருவிடம் பணம் கொடுக்கும் வழக்கம் இந்த இடைவெளியில்தான் செழித்தது. 1520-இல் சீர்திருத்தவாதி லூத்தர் பூசையைப் பலி என்பதையே மறுத்து எழுதவும், 1562 செப்டம்பர் 17 அன்று திரெந்து சங்கம் அது பலிதான் என்று அறுதியிடவும் இட்டுச்சென்ற வழக்கு அது. அந்த வழக்கு தனியே ஓர் இயல் பெறும் அளவுக்குப் பெரியது.

கிழக்கில் பழைய வழி முற்றாக அடைபடவில்லை. கிரேக்கச் சபைகளில் புளித்த மாவு அப்பத்தைப் பலர் இன்றும் வீட்டிலேயே பிசைந்து, கிறிஸ்து வெல்கிறார் என்ற கிரேக்க எழுத்துக்கள் செதுக்கிய மர முத்திரையை அழுத்திச் சுட்டு, வாழ்வோர் இறந்தோர் பெயர்ப்பட்டியலோடு ஆலயத்துக்குக் கொண்டுவருகிறார்கள். மேற்கில் மிலான் பேராலயத்தில் ஒரு மிச்சம் தங்கியது. அங்கே அம்புரோஸ் பெயரில் அமைந்த குழுவில் பத்து முதியவர்களும் பத்து மூதாட்டிகளும் இருந்தார்கள். பேராலயத்தின் தருமத்தில் வாழ்ந்தவர்கள். ஊரார் எல்லாரும் கொண்டுவந்த நாட்கள் போனபின், பூசையில் அப்பமும் இரசமும் ஏந்தி வந்து ஊர் சார்பில் கொடுத்தவர்கள் அவர்கள்தான்.